கேஜ் மாட்டக் கொடுக்கிறீர்களா? சென்சார் ஒயர் எங்கே போகிறது என்று பாருங்கள்

ஜிப்சி, பழைய ஜீப் என்று வைத்துக்கொண்டு கூடுதலாக மீட்டர் (கேஜ்) மாட்டலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோவையில் ஓரளவு பேர் வாங்கிய ஒரு ஆக்சஸரீஸ் கடை என் வண்டியில் பார்த்த வேலை இது. கடைப் பெயரைப் போடவில்லை. இதே கோல்மாலை வேறு ஊரிலும் செய்வார்கள் என்பதால் பெயரைவிட வேலை எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்வதுதான் உபயோகம்.

வண்டி மாருதி ஜிப்சி, எம்பிஎஃப்ஐ (கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து ஊற்றுகிற) மாடல். ஆயில் பிரஷருக்கு டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்குதான். அது எரிகிற நேரத்தில் பிரஷர் ஏறக்குறைய காலியாகியிருக்கும். மலை ஏறுகிற வண்டிக்கு அது போதாது. அதனால் ஆயில் பிரஷர், கூலன்ட் டெம்பரேச்சர், வோல்ட் மீட்டர் மூன்றும் சென்சாரோடு சேர்ந்த ஒரு செட்டை வாங்கி, டப்பாவைப் பிரித்துப் போட்டோ எடுத்து வைத்துவிட்டுக் கடையில் கொடுத்தேன். அந்தப் போட்டோ பிறகு ரொம்ப உதவியது.

பில்லில் ஃபிட்டிங் 4,500, டெம்பரேச்சர் சென்சார் அடாப்டர் 1,400, ஃபியூஸ் கிட் 600. மொத்தம் 6,500 ரூபாய். சாயங்காலம் வண்டியை எடுக்கப் போனபோது மூன்று கேஜும் நீல வெளிச்சத்தில் ஜொலித்தன. “கம்பெனி ஃபிட்டிங் மாதிரி இருக்குதுங்க சார்” என்றார் கடைக்காரர். பார்க்க அப்படித்தான் இருந்தது.

மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி மலையில் ஏறும்போதுதான் இடித்தது. வண்டியோடு வந்த கம்பெனி டெம்பரேச்சர் முள் வழக்கம்போல நடுவில் நிற்கிறது, புது டெம்பரேச்சர் கேஜ் 65 டிகிரியைத் தாண்ட மாட்டேன் என்கிறது. வண்டியைச் சுற்றிப் பெட்ரோல் வாடை. மைலேஜும் விழுந்தது. கடைக்குப் போன் போட்டால், “மலைக்காத்துங்க சார், இன்ஜின் கூலா இருக்கும்” என்று பதில். என்ன காற்று அடித்தாலும் தெர்மோஸ்டாட் (கூலன்ட் சூட்டைச் சீராக வைக்கிற வால்வு) ஒழுங்காக இருக்கிற இன்ஜின், ஏற்றத்தில் 65-லேயே உட்கார்ந்திருக்காது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரி பிடித்துக் கறுத்துக் கிடந்தது.

சிங்காநல்லூரில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலெக்ட்ரீசியன் அண்ணனிடம் விட்டேன். டேஷ்போர்டுக்கு அடியில் சுற்றியிருந்த கறுப்பு டேப், பானெட் சூட்டில் அல்ல, உள்ளே இருந்த சூட்டிலேயே இளகிக் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. டெம்பரேச்சர் கேஜின் சிக்னல் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது எந்த சென்சாருக்கும் போகவில்லை. இசியுவுக்கு (இன்ஜினின் கம்ப்யூட்டருக்கு) போகிற கூலன்ட் சென்சார் ஒயரில், நீலக் கிளிப் ஒன்றைக் கடிக்கவைத்து அதிலேயே சேர்த்திருந்தார்கள். அடாப்டரை மாட்ட வெட்ட வேண்டிய ரேடியேட்டர் ஹோஸ் வெட்டப்படவே இல்லை. செட்டோடு வந்த சென்சாரையும் காணோம், காசு வாங்கிய அடாப்டரையும் காணோம்.

இதில் என்ன ஆகிறதென்றால், இசியு அந்த சென்சாருக்கு 5 வோல்ட்டை உள்ளிருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக அனுப்பி, ஒயரில் எவ்வளவு வோல்ட்டேஜ் நிற்கிறது என்று பார்க்கிறது. இன்ஜின் சூடாக ஆக சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் குறையும், வோல்ட்டேஜும் இறங்கும். என்னுடைய கேஜும் தன் பங்குக்கு அதே ஒயரில் கரன்ட் அனுப்புகிற வகை. இரண்டும் சேர்ந்தால் வோல்ட்டேஜ் இருக்க வேண்டியதைவிட மேலே நிற்கும். இசியு இன்ஜின் இன்னும் ஆறியே இருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். கேஜும் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். ஓவர்ஹீட் ஆவதை முன்கூட்டியே பார்க்கத்தான் கேஜ் மாட்டுகிறோம், அது இப்படிப் பொய் சொன்னால் இல்லாமலிருப்பதே மேல்.

வோல்ட் மீட்டர் கதையும் கிட்டத்தட்ட இதுதான். பேட்டரி டெர்மினலில் மல்டிமீட்டர் 14.2 காட்டுகிறது, ஹெட்லைட் போட்டால் கேஜ் 13.3 என்கிறது. சிகரெட் லைட்டர் ஒயரில் கை வைத்து, பெயின்ட் அடித்த ஸ்க்ரூவில் எர்த் கொடுத்திருந்தார்கள். 600 ரூபாய் ஃபியூஸ் கிட்? வழி நெடுக ஒரு ஃபியூஸ் கூட இல்லை. அந்த ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டிருந்தால் லைட்டரின் பெரிய ஃபியூஸ் போவதற்குள் மெல்லிசு ஒயர் வெந்திருக்கும்.

ஆயில் சென்சாரை மட்டும் நிஜமாகவே மாட்டியிருந்தார்கள், அதுவும் முறுக்கித் திணித்து. மரையில் இரண்டு வகை உண்டு: இன்ஜின் துளை 1/8 பிஎஸ்பிடி, இஞ்சுக்கு 28 மரை. செட்டில் வந்த சென்சார் 1/8 என்பிடி, 27 மரை. முதல் இரண்டு சுற்று ஏறிவிடும், அப்புறம் மரையைத் தின்னும். இடையில் ஒரு அடாப்டர் போட வேண்டும். இவர்கள் டெஃப்லான் டேப்பைக் கெட்டியாகச் சுற்றி இறுக்கியிருந்தார்கள். ஒற்றை ஒயர் சென்சாருக்கு மரை வழியாகத்தான் எர்த், டேப் கூடினால் அதுவும் சரியாகக் கிடைக்காது. ஆயில் கேஜின் முள் நிலையில்லாமல் ஆடியதற்குக் காரணம் அதுதான்.

கடைக்குப் போய்க் கேட்டேன். “எல்லாரும் இப்படித்தாங்க சார் போடுறோம், ஹோஸை வெட்டுனா லீக் ஆகும், உங்க நல்லதுக்குத்தான் செஞ்சோம்” என்றார். அப்படியானால் அடாப்டருக்கு ஏன் காசு? “பையன் தெரியாம பில்லுல போட்டுட்டானுங்க.” சென்சார் எங்கே என்றதற்கு டப்பாவிலேயே வரவில்லை என்றார். போட்டோவைக் காட்டியதும் 1,400 மட்டும் திரும்பி வந்தது, சென்சார் வரவில்லை. மீதிக்காக நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்திருக்கிறேன்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் இன்ஜின் சூடான பிறகு இதைப் பார்க்கலாம். வண்டியை அணைத்து, இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, கேஜின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இக்னிஷனை ஆஃப் செய்து, இசியுவின் கூலன்ட் சென்சார் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். தனி சென்சார் இருந்தால் கேஜ் அதே எண்ணுக்குப் பக்கத்திலேயே நிற்கும். முள் அடியில் விழுந்தால் உங்கள் வண்டியிலும் அந்த நீலக் கிளிப் இருக்கிறது. செக் இன்ஜின் விளக்கு எரியும், சாக்கெட்டைத் திரும்ப மாட்டிவிட்டு இசியுவில் பதிவான அந்த எரர் கோடை (code) அழித்துவிடுங்கள்.