மேற்குக் கரைக் குடியிருப்புகள்: பாதுகாப்புக்காகவா, வேதத்துக்காகவா?

1967 போரில், யோர்தான் ஆற்றுக்கு மேற்கே பாலஸ்தீனர்கள் வாழும் மேற்குக் கரையை இஸ்ரேல் கைப்பற்றிய கையோடு, அமைச்சர் யிகால் அல்லோன் ஒரு திட்டம் வைத்தார். கிழக்கிலிருந்து படை வந்தால் தடுக்க யோர்தான் பள்ளத்தாக்கில் யூதக் குடியிருப்புகள் வேண்டும். பாலஸ்தீனர்கள் நெருக்கமாக வாழும் மலைப்பகுதி வேண்டாம். இது பாதுகாப்புக் கணக்கு.

மதக் கணக்கு நேர் எதிர். ஆபிரகாமின் கல்லறை உள்ள ஹெப்ரோன், நாப்லஸ் சுற்றுவட்டாரம் என, யூத வேதத்தில் வரும் ஊர்களெல்லாம் அந்த மலைகளில்தான். 1968இல் யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கு ஹெப்ரோன் ஹோட்டலில் தங்கிய யூத மதகுரு (ரப்பி) லெவிங்கரின் குழு ஊர் திரும்பவில்லை. 1974இல், குடியேறுவதை மதக் கடமையாகக் கருதிய குஷ் எமுனிம் இயக்கம் பிறந்தது.

இரண்டும் நேருக்கு நேர் மோதியது 1979இல், எலோன் மோரே என்ற குடியிருப்பு பற்றிய வழக்கில். நாப்லஸ் அருகே ருஜீப் கிராமத்தாரின் நிலத்தை ராணுவம் பாதுகாப்பைச் சொல்லி எடுத்தது. முன்னாள் தளபதி பார்லெவ், பாதுகாப்புக்கு அந்த இடம் தேவையில்லை என்றார். குடியேறிகளோ, கடவுள் தந்த நிலம் என்றே நீதிமன்றத்தில் சொன்னார்கள். இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் காலி செய்யச் சொன்னது. சரி, அதோடு நின்றதா? இல்லை. பாதுகாப்பைச் சொல்லித் தனியார் நிலத்தை எடுப்பதற்குப் பதில், அரசு நிலம் என்று அறிவித்துக் கட்டும் வழி அதன்பின் பெருகியது.

என் பார்வையில் முக்கிய வேறுபாடு, விட்டுக்கொடுக்க முடியுமா என்பது. பாதுகாப்புக் கணக்கு மாறும். 2005இல் காசாவிலிருந்து சுமார் 8,000 குடியேறிகளை இஸ்ரேலே வெளியேற்றியது. கடவுள் வாக்குக் கொடுத்த நிலம் என்று நம்புபவருக்குப் பேரமே கிடையாது. நிலம் இழந்த பாலஸ்தீன விவசாயிக்கு, எந்தக் காரணம் சொன்னாலும் போனது அதே ஒலிவத் தோப்புதான்.