செத்த கிளியும் ஐந்து கிழவர்களும்: மொன்ரி பைதனின் கடைசி இரவு

லண்டனில் மாலை ஏழரை என்றால் எங்களுக்கு நடுச்சாமம் பன்னிரண்டு. 2014 ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை, விடிந்தால் வேலை. ஹரோவில் இருக்கிற மச்சான் தன் மடிக்கணினியை ரீவிக்கு நேரே ஒரு கதிரையில் நிறுத்திவைத்து ஸ்கைப்பில் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். மொன்ரி பைதன் என்ற பிரித்தானியப் பகிடிக் குழுவின் கடைசி நிகழ்ச்சி. ஓ2 அரங்கிலிருந்து கோல்ட் அலைவரிசையில் நேரடியாகப் போகிறது, வெளிநாடுகளில் தியேட்டர்களிலும் ஓடுகிறது, நானோ கொக்குவிலில் நுளம்புவலைக்குள் இருந்து பார்க்கிறேன். பார்த்ததில் பாதி மச்சானின் பின்மண்டை. மிச்சத்தில் பாதி உறைந்துபோன படம். ஒரு கட்டத்தில் ஜோன் கிளீஸ் வாயைப் பிளந்தபடி இரண்டு நிமிடம் அசையாமல் நின்றார், நான் அதையும் பகிடி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே அந்த இரவை வைத்து விமர்சனம் எழுத முடியாது. இது டிவிடியைப் பற்றிய கதை. அந்த வருஷக் கடைசியில் மச்சான் ஊருக்கு வந்தபோது சொக்லேற் பெட்டிகளுக்கு நடுவில் செருகிக் கொண்டுவந்தார். டிவிடிகளை நாடுகளை வலயம் வலயமாகப் பிரித்துத்தான் விற்பார்கள், ஒரு வலயத்துத் தட்டு மற்ற வலயத்துப் பிளேயரில் ஓடாது; லண்டனில் வாங்கியது 2ஆம் வலயத்துத் தட்டு, எங்கள் பக்கம் 5ஆம் வலயம், வீட்டுப் பிளேயர் தொட மாட்டேன் என்று நின்றுவிட்டது. வெளிநாட்டிலிருந்து டிவிடி கேட்டு வாங்குகிறவர்கள் இதை முதலே யோசியுங்கள். கடைசியில் கணினியில் எப்படியோ ஓடியது. ஒரு புரொஜெக்டரை இரவல் வாங்கி, பெரியப்பா வீட்டு விறாந்தைச் சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி, அம்மா, பெரியப்பா, இரண்டு சித்தப்பாமார், நான் என்று குந்தினோம்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஆறு பேர் கொண்ட பகிடிக் கூட்டம் இது. 1969 அக்டோபர் 5 தொடங்கி 1974 வரை பிபிசியில் 45 பாகங்கள் செய்தார்கள், பிறகு படங்கள் எடுத்தார்கள். ஆறு பேரில் கிரஹாம் சப்மன் 1989இல் புற்றுநோயால் 48 வயதில் போய்விட்டார். மிச்சம் ஐந்து பேர்: ஜோன் கிளீஸ், மைக்கல் பேலின், எரிக் ஐடில், டெரி ஜோன்ஸ், டெரி கிலியம். இந்தக் கடைசி நிகழ்ச்சிக்கு அவர்கள் வைத்த உபதலைப்பு, ஒன்று போயிற்று, இன்னும் ஐந்து இருக்கிறது என்ற கருத்தில். எங்களூர்ச் செத்த வீட்டில் பகலில் ஒருவன் இப்படிச் சொன்னால் பந்தலை விட்டுத் துரத்துவார்கள், அதையே இரவில் காட்ஸ் விளையாடுகிற கூட்டத்துக்குள் சொன்னால் உருண்டு பிரண்டு சிரிப்பார்கள். இவர்களின் பகிடி எல்லாமே அந்த இரவுக் கூட்டத்துப் பகிடிதான்.

எதற்காகக் கூடினார்கள் என்றால் காசுக்கு, அதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை. 1975இல் வந்த அவர்களின் படத்தின் தயாரிப்பாளர் ஒருவர், அந்தப் படத்தை வைத்துச் செய்த மேடை இசை நாடகத்தின் வருமானத்தில் பங்கு கேட்டு வழக்குப் போட்டு 2013இல் வென்றார். வழக்குச் செலவும் கொடுக்கவேண்டிய பங்கும் சேர்ந்து எட்டு லட்சம் பவுண் அளவுக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு இரவு என்று அறிவித்தார்கள், ரிக்கெற் 43.5 செக்கனில் முடிந்தது, பிறகு கூட்டிக் கூட்டிப் பத்து இரவாக்கினார்கள். விளம்பரத்துக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் பாட்டுக்காரர் மிக் ஜாகரைப் பிடித்து, தோல் சுருங்கின கிழவர்கள் இளமையைத் தேடிக் காசு சம்பாதிக்க வருகிறார்கள் என்று நக்கலடிக்க வைத்தார்கள். ஜாகருக்கு அப்போது எழுபது. மேடையில் நின்ற ஐவரின் வயதைக் கூட்டிப் பார்த்தேன், 361.

சரி, நிகழ்ச்சி எப்படி?

நடனம் கூடிப்போச்சு. இதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். இளம் ஆட்டக்காரர் ஒரு கூட்டம் அடிக்கடி வந்து துள்ளுகிறார்கள், ஆர்லீன் பிலிப்ஸ் பழக்கிய ஆட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் நாங்கள் பார்க்க வந்தது அதை இல்லை. கிழவர்கள் உடுப்பு மாற்றவும் மூச்சு வாங்கவும் நேரம் வேண்டும் என்று விளங்குகிறது. விளங்கினாலும் அலுப்புத்தான், அந்த நேரங்களில் பெரியப்பா எழும்பிப் போய் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார். பழைய ரீவித் துண்டுகளைப் பெரிய திரையில் போடுகிறார்கள், அதில் சப்மன் வருகிறார், அது நல்ல வேலை. கிலியம் கீறிய அசைபடங்களில் வருமே, மேலேயிருந்து வந்து எல்லாவற்றையும் மிதிக்கிற பென்னம்பெரிய பாதம், அதைக் கண்டு அம்மா "உது ஆற்றை கால்?" என்று கேட்டா. புரொன்சினோ என்ற பழைய இத்தாலிய ஓவியரின் படத்தில் நிற்கிற மன்மதனின் கால் என்றேன், அந்த ஓவியம் லண்டன் நஷனல் கலரியில் இருக்கிறது. "மன்மதனுக்கு இவ்வளவு தடிச்ச காலோ" என்றா.

இரசிகர்கள் அந்த நேரமே இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். ஒரு பகுதி கண் கலங்கிப் போய் நின்றது. மற்றப் பகுதி, புதுசாக ஒன்றும் இல்லை, நாற்பது வருஷத்துக்கு முந்தின பகிடியைச் சனத்தோடு சேர்ந்து கரோக்கே பாடுகிறார்கள், நாக்குத் தடுமாறுகிறது, ஒருவருக்கு வசனமே பாடமில்லை என்று திட்டியது. மச்சான் கண் கலங்கின பகுதி. நான் முதல் தடவை இரண்டாவது பகுதியில்தான் இருந்தேன், அவரோடு போனில் சண்டையும் பிடித்தேன்.

கிளிப் பகிடிக்கு வருவோம். 1969 டிசம்பரில் முதன்முதல் ரீவியில் வந்தது. ஒருவன் செத்த கிளியைக் கூட்டோடு தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து, நீ விற்கும்போதே இது செத்துப்போச்சு என்கிறான், கடைக்காரன் இல்லை, அது இளைப்பாறுகிறது என்று சாதிக்கிறான். அம்மாவுக்கு நான் ஒரு வரி மொழிபெயர்த்ததும் காணும், "மீன் சந்தையில உதுதானே நடக்கிறது, கண் வெளிறிப் போய்க் கிடக்கும், இப்பதான் படகால இறக்கினது எண்டுவாங்கள்" என்று தொடங்கிவிட்டா. மேடையில் கிளீஸும் பேலினும் சிரிப்பை அடக்க முடியாமல் நிற்கிறார்கள். கிளீஸின் குரல் அடைத்துக் கரகரக்கிறது. பழைய கோபம் அதில் இல்லை, கிளியைத் தூக்கி மேசையில் அடிக்கும்போது கைக்கு வலிக்கும் போல் இருக்கிறது. ஆனாலும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் மாட்டிவிடப் பார்க்கிற அந்த விளையாட்டு இருக்கிறதே, அதை ஒளிப்பதிவில் கிட்டப் பார்க்கலாம், அரங்கில் பின்வரிசையில் இருந்தவனுக்குக் கிடைத்திருக்காது. டிவிடிக்குக் கொடுத்த காசு அந்த ஓர் இடத்திலேயே வந்துவிட்டது.

அதோடு ஒட்டி இன்னொரு பழைய பகிடியையும் சேர்த்துவிட்டார்கள், சீஸ் கடை. சீஸ் கடையில் சீஸ் இல்லை. வந்தவன் ஒவ்வொரு பெயராகக் கேட்கிறான், கடைக்காரன் மரியாதையாக ஒவ்வொன்றுக்கும் இல்லை என்கிறான். சித்தப்பாமார் இரண்டு பேரும் அதுவரை சும்மா இருந்தவர்கள், இதற்குக் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் எங்கள் சங்கக்கடை வேறு எப்படி இருந்தது? சவர்க்காரம் இருக்கோ, இல்லை. மண்ணெண்ணெய்? இல்லை. மெழுகுதிரி? இல்லை. பற்றறி? சிரித்துவிட்டு இல்லை. பிறகு ஏன் மனேச்சர் கடையைத் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க எவருக்கும் மனம் வராது, அவரும் பாவம், எட்டு மணிக்கே வந்து கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு இருப்பார்.

யோர்க்ஷயர்காரர் நால்வர் இருந்து, சின்ன வயதில் ஆர் கூடக் கஷ்டப்பட்டவர் என்று போட்டி போடுகிற பகிடியையும் செய்தார்கள். சரியாகப் பார்த்தால் அது பைதன் பகிடியே இல்லை, 1967இல் கிளீஸும் சப்மனும் வேறு ஆட்களோடு செய்த நிகழ்ச்சிக்காக எழுதியது. பெரியப்பாவுக்கு அது கொஞ்சமும் சிரிப்பு வரவில்லை. முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, சிறிமா காலத்தில் பாணுக்கு விடிய நாலு மணிக்கு வரிசையில் நின்ற கதையைத் தொடங்கினார். சித்தப்பா உடனே 95ஆம் ஆண்டு இடம்பெயர்வுக்குத் தாவினார். நான் படத்தை நிற்பாட்டி வைத்தேன், இருபது நிமிடம் போயிற்று.

கரோக்கே என்று திட்டினவர்களில் நானும் ஒருவன் என்றேனே, அது மாறிய கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு கசற் இருந்தது, கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்'. பஸ் கொண்டக்டராக ஒரே ஆள் நின்று முழு பஸ்ஸையும் காட்டுகிற தனிநடிப்பு. (அவரும் இதே 2014இல்தான், பெப்ரவரியில், கனடாவில் காலமானார்.) பற்றறி கிடையாத அந்த நாட்களில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் கசற் பிளேயரை ஓட்டுவோம். சுற்றுகிறவன் சிரிக்கக் கூடாது. சிரித்தால் கை தளரும், கை தளர்ந்தால் கொண்டக்டரின் குரல் பேயின் குரல் மாதிரி இழுபடும், எல்லாரும் சேர்ந்து பேசுவார்கள். ஆனால் அந்த இழுபடுகிற இடத்தில் குரல் தேய்ந்து நின்றுபோனால் நாங்களே மிச்சத்தைச் சொல்லி முடிப்போம், ஒரு வார்த்தை பிசகாது. நூறு தடவை கேட்டதைத்தான் நூற்றியோராவது தடவையும் கேட்டோம். பழைய பகிடி என்று ஒருத்தரும் எழும்பிப் போகவில்லை.

காத்தவராயன் கூத்துக்கு விடிய விடியப் பாய் போட்டு இருக்கிற சனமும் அப்படித்தானே. காத்தான் கழுவில் ஏறப்போவது தெரியாமல் ஒரு குஞ்சும் அங்கே வருவதில்லை. பாட்டு எல்லாருக்கும் பாடம். ஆடுகிறவர் களைத்தாலோ அடி மறந்தாலோ பிற்பாட்டுக்காரர் எடுத்துக் கொடுப்பார்கள், சிலவேளை முன்னால் இருக்கிற ஆச்சியே எடுத்துக் கொடுப்பா. ஓ2 அரங்கில் நடந்தது அது. ஆயிரக்கணக்கான சனம் பிற்பாட்டுப் பாடியது. ஸ்பானிய மதவிசாரணைக்காரர் என்று சிவப்பு உடுப்புப் பாதிரிமார் மூன்று பேர், எங்களை ஒருத்தரும் எதிர்பார்ப்பதில்லை என்று கத்திக்கொண்டு திடீரென்று வருகிற பகிடி ஒன்று; அவர்கள் கதவை உதைத்துக்கொண்டு வருவதற்கு முதலே சனம் கத்தத் தொடங்குகிறது, இதைப் போய் எதிர்பாராத பகிடி இல்லை என்று நான் குறை சொன்னேனே.

வசனம் பாடமில்லை என்று திட்டு வாங்கினவர் டெரி ஜோன்ஸ். அவர் எதிரே வைத்த திரையைப் பார்த்துத்தான் வசனம் சொன்னார், கண் அடிக்கடி ஒரே பக்கம் போய் வரும். ஒத்திகைக்கு ஒழுங்காக வரவில்லை ஆக்கும் என்று மச்சானுக்கு நானே சொன்னேன். 2016இல் செய்தி வந்தது, அவருக்கு ஒரு வகை மறதி நோய், முதலில் பேச்சையே பிடிக்கிற வகை. முதல் அறிகுறிகள் அந்த 2014 மேடையிலேயே தெரிந்திருக்கின்றன. 2020 ஜனவரியில், 77 வயதில் போய்ச் சேர்ந்தார். செய்தி கேட்ட இரவு மச்சான் எடுத்து, "இப்ப சொல்லு, ஒத்திகைக்கு வரேல்லையோ?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் அக்காவின் மகன் வந்து நின்றபோது திரும்பப் போட்டேன். பதினாறு வயது, இவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. கைபேசியைக் கையில் வைத்தபடிதான் இருந்தான், நடனத்துக்கெல்லாம் நிமிரவே இல்லை, கிளிக்குப் பாதி நிமிர்ந்தான், முடிவில் எல்லாரும் சேர்ந்து பாடிய பிறகு திரையில் சப்மனுக்கு 1941 முதல் 1989 என்றும், தங்கள் குழுவுக்கே 1969 முதல் 2014 என்றும் கல்லறையில் போடுவது போல் போட்டு, சனத்தைப் பார்த்து "தொலைந்து போங்கள்" என்று கெட்ட வார்த்தையில் வழியனுப்பினார்களே, அதற்குத்தான் வாய்விட்டுச் சிரித்தான்.

பிறகு அவனே கேட்டான், அந்தச் சிவப்பு உடுப்புப் பாதிரிமார் வந்த இடத்தைத் திரும்பப் போடச் சொல்லி. பேலின் தன் வசனத்தைக் குழப்பிக் குழப்பி, கடைசியில் அலுத்துப்போய் ஜோன்ஸைப் பார்த்து நீ சொல்லு என்று தள்ளிவிடுவார், ஜோன்ஸ் ஐயோ என்னால் ஏலாது என்று முழிப்பார்.

"மாமா, இதில அவர் உண்மையா மறந்துபோனவரோ?"

"இல்லையடா, அது அப்பிடித்தான். 1970இலயே அப்பிடித்தான் எழுதினது."

நம்பாதவன் மாதிரிப் பார்த்துவிட்டு இன்னொருக்கால் போடச் சொன்னான்.