ரப்பர் ரோல் ஷெல்லர்: ஆம்பியரும் குருணையும் சொல்லும் கதை

கார், பிசானம் இரண்டு போகமும் அரைக்கும் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்து அரிசி ஆலைகளில் நெல்லின் உமியை உரிக்கும் ஷெல்லருக்கு எந்தக் கம்பெனி ரப்பர் ரோல் அதிக நாள் உழைக்கும் என்ற பேச்சு ஓயாது. பல கம்பெனி ரோல்களை மாட்டி ஓட்டியதில் தெரிந்தது, ஆயுளில் பெரும்பங்கு ஆபரேட்டர் கையில் இருக்கிறது.

10 அங்குல (254 மி.மீ.) விட்டமுள்ள ரோல்கள் இரண்டில் ஒன்று ஏறத்தாழ 25% வேகமாகச் சுற்றும். அந்த வேக வித்தியாசத்தில்தான் உமி உரிகிறது. வேக ரோல் சீக்கிரம் தேயும். மற்றது 254 மி.மீ.யில் நிற்க, இது 244க்கு வந்துவிட்டால் வித்தியாசம் 20%தான். நெல் சரியாக உரியாது. உடனே இடைவெளியை இறுக்குவார்கள். ரப்பர் சூடேறி நாறும், அரிசியில் கறுப்பு ஒட்டும், மோட்டார் இழுக்கும் ஆம்பியர் ஏறும். இறுக்காமல் ரோல்களை இடம் மாற்றிப் போட வேண்டும். வாராவாரம் விட்டத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து, 3, 4 மி.மீ. வித்தியாசம் வந்ததுமே மாற்றுவது எங்களுக்கு ஒத்துவந்தது.

ஷெல்லர் அருகே ஒரு கரும்பலகை போதும். மணிக்கொரு தடவை மூட்டைக் கணக்கு, ஆம்பியர், 100 நெல்மணியில் உரியாதவை எத்தனை என்று எழுதுங்கள். 10 முதல் 15 இருந்தால் நல்லது, அவற்றை செபரேட்டர் பிரித்து ஷெல்லருக்கே திருப்பிவிடும். முழுக்க உரிக்க ஆசைப்பட்டால் ரப்பரும் போகும், அரிசியும் உடையும்.

நெல் ரோலின் முழு அகலத்துக்கும் ஒரே சீராக விழ வேண்டும். நெல் விழும் வாயில் வைக்கோலோ சணல் நூலோ அடைத்தால் ஒரு பக்கம் மட்டும் பள்ளமாகத் தேயும். அதன்பின் எந்த இடைவெளியும் சரிப்படாது. ஷிப்ட் மாறும்போதெல்லாம் துடையுங்கள். புதிதாக வாங்குபவர்களுக்கு ஏர் சிலிண்டர் மாடல்தான் என் சிபாரிசு: நெல் தீர்ந்தால் ரோல்கள் தாமாக விலகும். கைச்சக்கர மாடலில் ரப்பரோடு ரப்பர் உரசும்.

குருணை கூடினால் ஷெல்லரைக் குறை சொல்வதற்கு முன் நெல் காயும் களத்தைப் பாருங்கள். புழுங்கல் நெல்லை ஒரே மூச்சில் 14% ஈரத்துக்குக் காயவைத்தால் அரிசிமணிக்குள் விரிசல் விடும். 18% வந்ததும் குவித்து மூடி, சில மணி நேரம் ஆறவிட்டு மறுபடி காயவையுங்கள். அம்பை 16 போன்ற குட்டைப் பருமன் ரகத்திலும் இதே முறைதான். கையால் உரித்த 50 மணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விரிசல் தெரியும்.

உபரி ரோல்களை வெயிலும் எண்ணெயும் படாத அறையில் வையுங்கள். நாள்பட்ட ரப்பர் இறுகி வழுக்கும். ஒரு போகத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.