கன்னியாகுமரி மாவட்டத்தில் மரம் பார்க்க எங்கே போகலாம்: காளிகேசமா, மருந்துவாழ்மலையா?

எத்தனை வகை மரம் என்பதுதான் கணக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், காளிகேசம்தான். கீரிப்பாறை ரப்பர் தோட்டங்களைத் தாண்டினால் பசுமைமாறாக் காடு. மேலே ஆயினி, நாங்கு போன்ற நெடுமரங்கள்; நடுவில் நிழல் தாங்கும் சிறுமரங்கள்; தரையில் பெரணியும் நாற்றுகளும். இடலையையும் இங்கே தேடிப் பாருங்கள். எத்தியோப்பியாவிலும் இமயச் சரிவுகளிலும் வறண்ட மலைக்காடுகளில் வளரும் காட்டு ஒலிவத்துக்கு நம்மூர்ச் சொந்தம் இது. இலைகள் எதிரெதிராக இருக்கும், பழம் கருநீலம். ஆனால் மர உச்சி கண்ணுக்கு எட்டாது. உதிர்ந்த இலையையும் பழத்தையும் பொறுக்கிப் பார்த்துத்தான் இன்ன மரம் என்று சொல்ல முடியும். மழைக்காலமென்றால் அட்டை வேறு. வனத்துறையிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போவது நல்லது.

பொற்றையடி பக்கம் இருக்கும் மருந்துவாழ்மலை இதற்கு நேர்மாறு. பாறை, மெல்லிய மண், ஓயாத காற்று. உசில், காரை, சதுரக்கள்ளி என எல்லாமே குட்டைதான். சஞ்சீவி மலையின் துண்டு என்ற கதையை நம்பி மூலிகை தேடி வருபவர்களும் உண்டு. அது இருக்கட்டும். செடி கொடிகளின் பெயர் கற்கத் தொடங்குபவருக்கு நான் இந்த மலையைத்தான் சொல்வேன். பூவும் காயும் கைக்கெட்டும் உயரத்திலேயே கிடைக்கும். வெயில் ஏறுமுன் ஏறிவிடுங்கள்.