அரசுப் பூட்டு, கம்பெனிப் பூட்டு, சிம் பூட்டு: எல்லை தாண்டும் செல்போனுக்கு எது காவல்?

பாலக்காட்டில் ரயில் ஏறிக் கோவையில் இறங்குகிறவரின் செல்போன் நடுவழியில் பறிபோனால், எந்த ஊரில் போனது என்று அவராலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. கஞ்சிக்கோட்டில் கையில் இருந்தது. மதுக்கரை வந்தபோது பையில் இல்லை. இடையில் வாளையாறு வந்து போய்விட்டது, மாநிலமும் மாறிவிட்டது. கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து பொள்ளாச்சிக்கு பஸ்ஸில் வேலைக்கும் கல்லூரிக்கும் போய்வரும் எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே கதைதான். வீடு கேரளத்தில், பிழைப்பு தமிழ்நாட்டில். திருடனுக்கு இது வசதி. ஒரு மாநிலத்தில் கைவரிசை, மறு மாநிலத்தில் விற்பனை. நடுவே ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை.

செல்போன் திருட்டைத் தடுக்க என்னென்ன வழிகள் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எதை வைத்து அவற்றை எடைபோடுவது? போன் திரும்பக் கிடைக்குமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. நான் அதை இரண்டாவதாக வைக்கிறேன். திருடியவனுக்கு அது காசாகுமா என்பதே என் முதல் கேள்வி. காசாகாத பொருளைத் திருட எவனும் ஓடும் ரயிலில் உயிரைப் பணயம் வைக்க மாட்டான்.

முதலில் அரசுப் பூட்டு. ஒவ்வொரு செல்போனுக்கும் ஐ.எம்.இ.ஐ. என்ற 15 இலக்க எண் உண்டு. *#06# என்று அழுத்தினால் திரையில் வரும். இரண்டு சிம் போடும் போனாக இருந்தால் இரண்டு எண்கள். இந்த எண்ணை வைத்து நாடு முழுவதும் போனை முடக்கும் ஏற்பாடுதான் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சி.இ.ஐ.ஆர். 2019-இல் மும்பையில் சோதனையாகத் தொடங்கி, 2023 மே 16 அன்று ‘சஞ்சார் சாத்தி’ இணையதளத்தோடு நாடு முழுவதற்கும் வந்தது. போலீஸ் புகாரின் நகல், அடையாள அட்டை, ஐ.எம்.இ.ஐ. எண் ஆகியவற்றைக் கொடுத்துப் பதிவு செய்தால், 24 மணி நேரத்துக்குள் எல்லா நிறுவனங்களின் நெட்வொர்க்கிலும் அந்த போன் செத்துவிடும். பிறகு யாராவது அதில் சிம் போட்டுப் பார்த்தால் தகவல் போலீசுக்குப் போகும்.

எல்லைப்புறத்தாருக்கு இதன் பெரிய நன்மை, இதற்கு வாளையாறு என்ற ஒன்று இருப்பதே தெரியாது என்பதுதான். கோவையில் திருடி திருச்சூரில் விற்றாலும், பாலக்காட்டில் திருடி ஈரோட்டில் விற்றாலும் தடை ஒன்றே. மாநிலப் போலீஸ் இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வேகத்தை நம்பிப் பிழைத்த காலத்தோடு ஒப்பிட்டால் இது சாதாரண மாற்றம் இல்லை.

ஆனால் இந்தப் பூட்டைப் போட சாவி துவாரம் வரை நடக்க வேண்டியிருக்கிறது. விண்ணப்பத்துக்கு ஓ.டி.பி. வர வேண்டும், அதற்கு அதே எண்ணில் மாற்று சிம் வாங்க வேண்டும். மாற்று சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது. மோசடிக்காரர்கள் நம் எண்ணைக் கவர்ந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி, நல்ல விதிதான். ஆனால் போனைப் பறிகொடுத்தவனுக்கு அது ஒரு முழு நாள் நஷ்டம். வேறு எண்ணுக்கு ஓ.டி.பி. வரவழைக்க நம்பகமான ஒருவரின் போன் பக்கத்தில் இருந்தால் பிழைத்தோம்.

இன்னொரு தடை புகார். எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ரயில் படிக்கட்டருகே நின்றவனின் கையில் தட்டி போனைப் பிடுங்கிக்கொண்டு ஒருவன் குதித்து ஓடியிருக்கிறான். ஒரு காவல் நிலையத்தில், “இது எங்கள் எல்லைக்குள் நடக்கவில்லையே தம்பி” என்றார்கள். அடுத்த நிலையத்தில் மரியாதையாக நாற்காலி போட்டு உட்காரவைத்து, ‘திருட்டு’ என்று எழுதியதை அடித்துவிட்டு ‘தவறவிட்டேன்’ என்று எழுதச் சொன்னார்கள். அவனும் எழுதிக் கொடுத்துவிட்டான். சி.இ.ஐ.ஆர். தடைக்கு அந்தக் காகிதம் போதும் என்பது உண்மை. ஆனால் பறித்தவன் மேல் வழக்கே இல்லாமல் போய்விடுகிறது.

2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆம் பிரிவு பறிப்பைத் தனிக் குற்றமாக்கி, மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை வைத்திருக்கிறது. கூடவே வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்கிறது. ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்று பேர். ரயிலுக்குள் நடந்தால் டிக்கெட் பரிசோதகரிடமோ ரயில் கார்டிடமோ புகார்ப் படிவம் கேட்டு வாங்கலாம், ரயில்வே உதவி எண்ணான 139-க்கும் அழைக்கலாம். பிரிவு எண்ணைத் தெளிவாக உச்சரித்தால் ‘எங்கள் எல்லை இல்லை’ என்ற பேச்சு பாதியில் நிற்கும்.

அரசுப் பூட்டின் உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. அது நெட்வொர்க்கை மட்டும்தான் பிடுங்குகிறது. சிம் போடாமல் வீட்டு வைஃபையில் இணைத்தால் அந்த போன் நன்றாகவே வேலை செய்யும். வீடியோ பார்க்கலாம், கேம் விளையாடலாம். மொபைல் கேம் பைத்தியம் பிடித்த பத்தாம் வகுப்புப் பையனுக்குப் பேச்சு வசதி எதற்கு? நல்ல திரை, நல்ல பிராசஸர், பாதி விலை, போதும். உதிரி பாகங்களாகப் பிரித்து விற்கலாம், இந்தியத் தடைப்பட்டியலைப் பார்க்காத நாட்டுக்கும் அனுப்பலாம். ஐ.எம்.இ.ஐ. எண்ணையே மாற்றும் ஆசாமிகளும் உண்டு. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. சட்டம் கடுமைதான், ஆனால் பிடிபட்டால்தானே?

இந்த இடத்தில்தான் கம்பெனிப் பூட்டு முந்துகிறது. ஆப்பிள் 2013-இல் ஐ.ஓ.எஸ். 7-உடன் ‘ஆக்டிவேஷன் லாக்’ கொண்டுவந்தது. போனை முழுக்க அழித்தாலும் பழைய உரிமையாளரின் கடவுச்சொல் இல்லாமல் அது மறுபடி உயிர்பெறாது. அடுத்த 12 மாதங்களில் ஐபோன் திருட்டு சான்பிரான்சிஸ்கோவில் 40 சதவீதமும் நியூயார்க்கில் 25 சதவீதமும் குறைந்ததாக அந்நகர அதிகாரிகள் 2015-இல் சொன்னார்கள். போலீஸ் திடீரென்று திறமைசாலி ஆகிவிடவில்லை. பொருள் விலைபோகவில்லை, அவ்வளவுதான். ‘காசாகுமா’ என்ற கேள்வியை நான் முதலில் வைப்பதற்கு இதுவே காரணம்.

ஆண்ட்ராய்டில் இதே வேலையைச் செய்யும் ‘ஃபேக்டரி ரீசெட்’ பாதுகாப்பு 2015-இல் வந்தது. கூகுள் கணக்கும் திரைப்பூட்டும் இரண்டுமே இருந்தால்தான் அது விழித்திருக்கும். ‘அம்மாவுக்குத் திறக்கத் தெரியாது’ என்று திரைப்பூட்டை எடுத்துவிட்ட போன்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. அவை திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு விடுப்பவை. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்களில் இந்தப் பாதுகாப்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகத் தெரிந்த பழுதுபார்ப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால், இந்த விஷயத்தில் ஆப்பிளுக்கே அதிக மதிப்பெண்.

ஆனால் கையிலிருந்து பறிக்கும் அந்த நொடிக்கு ஆண்ட்ராய்டில் நல்ல மருந்து இருக்கிறது. 2024 அக்டோபர் முதல் பரவலாக வந்த ‘தெஃப்ட் டிடெக்‌ஷன் லாக்’, யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடுவது போன்ற அசைவை உணர்ந்தால் திரையைத் தானே பூட்டிவிடும். ஆண்ட்ராய்டு 10-லும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் ஓடும் போன்களில் கிடைக்கும். பறிக்கிறவனுக்கு வேண்டியது திறந்திருக்கும் போன். ஜன்னலோரம் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆட்டத்தில் மூழ்கியிருப்பவனின் போன் எப்போதும் திறந்தேதான் இருக்கும். இணையத் தொடர்பை நீண்ட நேரம் துண்டித்தால் பூட்டிக்கொள்ளும் வசதியும், இன்னொருவர் போனிலிருந்து நம் எண்ணை மட்டும் கொடுத்துப் பூட்டும் ‘ரிமோட் லாக்’கும் கூடவே வந்தன. செட்டிங்ஸில் கூகுள் பிரிவுக்குள் ‘திருட்டுப் பாதுகாப்பு’ என்று இருக்கும். பல போன்களில் நாமேதான் உள்ளே போய் இயக்க வேண்டும். ஐபோனில் 2024 ஜனவரியில் 17.3 பதிப்போடு வந்த ‘ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்‌ஷன்’ இதற்கு இணை. கடவு எண்ணை எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்ட திருடன்கூட, வீடு, அலுவலகம் போன்ற பழகிய இடத்துக்கு வெளியே கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற முகத்தைக் காட்டி, ஒரு மணி நேரம் காத்திருந்து, மறுபடியும் முகத்தைக் காட்ட வேண்டும்.

வரைபடத்தில் போன் இருக்கும் இடத்தைக் காட்டும் வசதிக்கு ஏன் இவ்வளவு பின்னால் வருகிறேன் என்று கேட்கலாம். அது தடுப்பு அல்ல, தேடல். அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு தெரியாத ஊரின் சந்துக்குள் தனியாகப் போய் நிற்பது வீரமும் அல்ல. அந்த விவரத்தைப் போலீசிடம் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மூன்றாவது பூட்டு சிம்முக்கு. காசு செலவில்லை, இரண்டு நிமிட வேலை, ஆனால் நூற்றில் ஒருவர்கூடப் போடுவதாகத் தெரியவில்லை. திருடன் நம் சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டால் வங்கி ஓ.டி.பி. அத்தனையும் அவனுக்குப் போகும். யு.பி.ஐ. பின் எண்ணை மாற்ற டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கங்களும் காலாவதித் தேதியும் கேட்கும், அவனிடம் அது ஏது என்று நினைக்கிறோம். ஃபிளிப் கவரைத் திறந்து பாருங்கள். ஒரு மடிப்பில் ஏ.டி.எம். கார்டு, அதன் பின்னால் மடித்த ஆதார் நகல், சிலரிடம் துண்டுச் சீட்டில் பின் எண்ணும். பூட்டு, சாவி, வீட்டு விலாசம் எல்லாம் ஒரே உறையில். பின் எண்ணே கேட்காத யு.பி.ஐ. லைட்டில் 5,000 ரூபாய் வரை வைத்திருக்கலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சிம்முக்குப் பின் எண் வைத்துவிட்டால் வேறு போனில் மாற்றியதும் அது எண் கேட்கும். மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும், சிம் நிறுவனம் தரும் பி.யூ.கே. எண் இல்லாமல் திறக்காது. முதலில் நிறுவனம் வைத்திருக்கும் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு மாற்றுங்கள், குத்துமதிப்பாக அழுத்தி நீங்களே பூட்டிக்கொள்ளாதீர்கள். இதற்கு ஒரு பாதகமும் உண்டு. திருடன் போனை அணைத்துப் போட்டால் சிம் எழுந்திருக்காது, மொபைல் டேட்டா இருக்காது. வரைபடப் புள்ளி தெரியும் வாய்ப்பும் ரிமோட் லாக்கும் அந்த அளவுக்குக் குறையும். போனைத் தேடும் வாய்ப்பா, வங்கிக் கணக்கா என்று கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை.

இன்சூரன்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பல திட்டங்கள் உடைந்தால் தரும், திருட்டு என்றால் ஆயிரம் நிபந்தனை போடும். அலட்சியமாக வைத்துவிட்டுப் போனால் கிடையாது என்று பொடி எழுத்தில் இருக்கும். அது திருடனைத் தடுப்பதும் இல்லை. கழுத்தில் மாட்டும் வார் பார்க்க நன்றாக இல்லை, ஆனால் படிக்கட்டில் நிற்கிறவர்களுக்கு உதவும்.

ஆளுக்கு ஆள் தேர்வு மாறும். தினமும் ரயிலில் போகும் மாணவனுக்கு ஆண்ட்ராய்டின் திருட்டுப் பாதுகாப்பே முதல் வேலை. அவன் கேம் ஆடுகிறவன் என்றால் ‘விருந்தினர்’ கணக்கிலிருந்து உடனே வெளியே வந்து கணக்கை மின்னஞ்சலோடு இணைக்கட்டும். இல்லாவிட்டால் போனோடு சேர்ந்து பல வருட ஆட்டமும் போய்விடும்.

காய்கறிச் சந்தைக்குப் போய்வரும் வியாபாரிக்கும், போனில் பணம் வாங்கும் பெட்டிக்கடைக்காரருக்கும் சிம் பூட்டுதான் முதலிடம். ஐபோன்காரர்களுக்கு ஆக்டிவேஷன் லாக் ஏற்கெனவே காவல் இருக்கிறது. மீதியை மட்டும் இயக்கினால் போதும். சி.இ.ஐ.ஆர். எல்லோருக்கும் பொது, ஆனால் வங்கிக்கும், பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கும் பேசிய பிறகு. ஐ.எம்.இ.ஐ. எண்ணை வீட்டுக் காலண்டரிலேயே எழுதி வைத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

இரண்டாம் கையில் போன் வாங்கப் போகிறவர்களுக்கும் இந்த ஒப்பீட்டில் வேலை உண்டு. கடைக்காரர் கையிலிருக்கும் போனில் *#06# அழுத்தச் சொல்லி, கே.ஒய்.எம். என்ற ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். தடைப்பட்டியலில் இருந்தால் பதிலில் வந்துவிடும். நேற்றுத்தான் திருடியது என்றால் பட்டியலில் ஏறியிருக்காது. அதனால் பில்லையும் கேளுங்கள். பில் கேட்டதும் விலையை இன்னும் 500 ரூபாய் குறைக்கிறார் என்றால், அங்கே வாங்க வேண்டாம்.