அடுத்த பதிப்பு வரும் நாளில் எந்த விக்கி தாங்கும்?

பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் தளங்களை நடத்த உதவும் விக்கி மென்பொருள்களை ஒப்பிடும் அட்டவணைகளைப் பார்த்தால் எல்லாக் கட்டத்திலும் பச்சை டிக். தேடல் உண்டு, பழைய திருத்தங்கள் உண்டு, படம் ஏற்றலாம், ஆளுக்கேற்ப அனுமதி கொடுக்கலாம். பல வருஷம் முன்பு நானும் அப்படி ஒரு அட்டவணையைப் பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கூடவே ஆசைப்பட்டு மூன்று நீட்டிப்புகளையும் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) போட்டுக்கொண்டேன். அடுத்த பெரிய பதிப்பு வந்தபோது, அந்த மூன்றில் ஒன்றை எழுதியவர் எப்போதோ கைவிட்டுவிட்டார் என்பது எனக்குத் தெரியாது. தனி நகலில் சோதிக்காமல் நேரே ஓடிக்கொண்டிருந்த தளத்திலேயே அப்டேட்டை ஏற்றினேன். நானூறு பக்கமும் வெள்ளைத் திரை. தப்பு என்னுடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்றிலிருந்து புது விக்கி எதைப் பார்த்தாலும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: இதன் அடுத்த பதிப்பு என்னை என்ன பாடு படுத்தும்?

அந்தக் கேள்வியை வைத்து ஆறு மென்பொருள்களைப் பார்ப்போம். எல்லாமே திறந்த மூலம், எல்லாமே சொந்த சர்வரில் நிறுவக்கூடியவை.

மீடியாவிக்கியிலிருந்து தொடங்கலாம். விக்கிப்பீடியா ஓடுவது இதில்தான் என்பதால் தாங்குமா, தாங்காதா என்ற பேச்சே இல்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு பதிப்பு வரும். ஆனால் சிறிய குழு அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க வேண்டியதில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் நீண்டகால ஆதரவுப் பதிப்பைப் பிடித்துக்கொண்டால் சுமார் மூன்று வருஷம் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். 2020இல் 1.35, 2022இல் 1.39, 2024 டிசம்பரில் 1.43 என்று இந்த வரிசை ஒழுங்காக வந்திருக்கிறது. இந்த ஒழுங்குதான் மீடியாவிக்கியில் எனக்கு மிகவும் பிடித்தது. அடுத்த வேலை எப்போது வரும் என்று முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்து வைக்கலாம்.

தொல்லை இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கிறது. முதலாவது பிஎச்பி, மீடியாவிக்கி எழுதப்பட்ட நிரல்மொழி. 1.39க்கு பிஎச்பி 7.4 போதும், 1.43க்கு 8.1 வேண்டும். அதாவது விக்கியை மாற்றும் முன் சர்வரை மாற்ற வேண்டும், அதே சர்வரில் வேறு பழைய நிரல் ஏதாவது ஓடினால் அதற்கும் வழி பார்க்க வேண்டும். இரண்டாவது நீட்டிப்புகள். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் பதிப்புக்கேற்ற கிளை, அதாவது நிரலின் தனி வடிவம், இருக்கும், 1.43க்கு மாறினால் அத்தனையையும் அதே கிளைக்கு மாற்ற வேண்டும். மீடியாவிக்கியோடு சேர்ந்தே வருகிற நீட்டிப்புகள் பிரச்சினை செய்வதில்லை. நேரே பார்த்துத் திருத்த உதவும் விஷுவல் எடிட்டரும் 1.35இலிருந்து கூடவே வந்துவிடுகிறது; அதற்கு முன்பு அதை ஓட்ட நோட்.ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் சூழலில் ஓடும் சேவை ஒன்றைத் தனியாக நடத்த வேண்டியிருந்தது, அந்தக் காலத்தை நினைத்தாலே அலுப்பு வருகிறது. வெளியிலிருந்து எடுக்கும் நீட்டிப்பை மட்டும், கடைசியாக யார் எப்போது கைவைத்தார்கள் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இன்னொன்று. சோம்பலில் பல வருஷம் அப்டேட் செய்யாமல் விட்டால் மீடியாவிக்கி தண்டிக்கும். இரண்டு நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கும் முந்தையதிலிருந்து ஒரே தாவலில் புதியதுக்கு வர முடியாது. நடுவில் ஒரு பதிப்பில் இறங்கி ஏற வேண்டும்.

“இந்தப் பக்கம் நிர்வாகக் குழுவுக்கு மட்டும்” என்று பூட்ட நினைப்பவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது. மீடியாவிக்கி எல்லோரும் படிப்பதற்காகக் கட்டப்பட்டது. பக்கவாரியாகப் படிக்கும் உரிமையை மறைக்க இதை நம்பாதீர்கள் என்று அதன் ஆவணங்களே எச்சரிக்கின்றன.

டோக்குவிக்கி நேர் எதிர்த் துருவம். 2004இல் ஆந்த்ரேயாஸ் கோர் தொடங்கியது. தரவுத்தளமே கிடையாது. ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண உரைக்கோப்பு. பழைய வடிவங்கள் சுருக்கிய கோப்புகளாக இன்னொரு ஃபோல்டரில் கிடக்கும். பேக்கப் என்றால் ஃபோல்டரை நகலெடுப்பது, அவ்வளவுதான். புதிய பதிப்பு வந்தால் பழையதன் மேல் விரித்துவிட்டு, தேவையில்லாமல் போன பழைய கோப்புகளை அழித்தால் முடிந்தது. ஏதாவது உடைந்தாலும் உங்கள் எழுத்து உரைக்கோப்பில் அப்படியே இருக்கிறது, நோட்பேடில்கூடத் திறந்து படிக்கலாம். என் வெள்ளைத் திரை அனுபவத்துக்குப் பிறகு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்குத்தான் தெரியும். பக்கவாரி அனுமதியும் உள்ளேயே உண்டு.

பதிப்புகளுக்கு எண்ணுக்குப் பதில் தேதியும் ஒரு செல்லப் பெயரும் வைப்பார்கள்: 2024 பிப்ரவரியில் ‘காவோஸ்’, 2025 மேயில் ‘லைப்ரேரியன்’. அதற்கும் முன், 2020 ஜூலையில் வந்த பதிப்புக்கும் 2022 ஜூலையில் வந்த அடுத்ததுக்கும் நடுவே முழுதாக இரண்டு வருஷம் ஓடியது. மீடியாவிக்கி மாதிரி நாட்காட்டியில் குறிக்க இங்கே வழியில்லை. செருகுநிரல் (இங்கே நீட்டிப்புக்குப் பெயர்) விஷயத்திலும் முன்பு சொன்ன எச்சரிக்கைதான், அதையே திரும்பச் சொல்லவில்லை.

தமிழில் தலைப்பு வைப்பவர்கள் இந்தக் கணக்கை மட்டும் கவனிக்க வேண்டும். டோக்குவிக்கி இயல்பாகக் கோப்புப் பெயரை இணைய முகவரிக் குறியாக்கத்தில் (ஒவ்வொரு பைட்டையும் %E0 போல மூன்று குறிகளாக எழுதும் முறை) எழுதும். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு யூனிகோட் யூடிஎஃப்-8இல் 3 பைட். அதை முகவரிக் குறியாக மாற்றினால் 9 பைட். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு உச்ச அளவு பொதுவாக 255 பைட். பழைய வடிவத்தின் பெயரில் ஒட்டும் நேரக்குறியையும் பின்னொட்டையும் கழித்தால் தலைப்புக்கு மிஞ்சுவது சுமார் 26 குறியீடு. புள்ளி வைத்த மெய்யே இரண்டு குறியீடு, காலோ கொம்போ போட்ட எழுத்தும் இரண்டு. ஆக, பதினைந்து பதினாறு எழுத்தில் மூச்சு முட்டிவிடும். மீடியாவிக்கியிலும் தலைப்புக்கு 255 பைட்தான் எல்லை, ஆனால் அங்கே குறியாக்கம் ஊதிப் பெருப்பதில்லை என்பதால் 85 குறியீடு வரை போகலாம். டோக்குவிக்கியில் கோப்புப் பெயர்க் குறியாக்கத்தை மாற்ற அமைப்பு ஒன்று இருக்கிறது. அதை முதல் நாளே மாற்றிவிடுங்கள். நூறு பக்கம் எழுதிய பிறகு மாற்றினால் பழைய பெயரில் உள்ள பக்கங்கள் அதன் கண்ணுக்குத் தெரியாது.

நீட்டிப்புத் தொல்லைக்கு வேறு விதமாகத் தீர்வு சொன்னது டிக்கி. விக்கி, கருத்துக்களம், நாட்காட்டி, படிவங்கள் என்று எல்லாவற்றையும் ஒரே நிரலில் அடைத்து, ஒரே நாளில் சேர்த்து வெளியிடுகிறார்கள். எதுவும் பின்தங்க வழியில்லை, ஏனென்றால் தனியாக எதுவுமே இல்லை. 21, 24, 27 என்று ஒவ்வொரு மூன்றாம் பதிப்பும் நீண்டகால ஆதரவு பெறும், அதுவும் ஐந்து வருஷம். கேட்க அருமை. நிர்வாகப் பலகையைத் திறந்தால்தான் அதற்கான விலை தெரியும்: நூற்றுக்கணக்கான அமைப்புகள், எதை அணைத்தால் எது போகும் என்று பழகவே நாளாகும். பத்துப் பேர் குறிப்பு எழுத இது கடலில் குளிப்பது போல.

எக்ஸ்விக்கி ஜாவாவில் எழுதப்பட்டது, ஆகவே மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் ஓட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். நினைவகமும் கேட்கும், ஜாவா சர்வர் தெரிந்த ஒருவரும் கூட இருக்க வேண்டும். ஆனால் அப்டேட் கலையில் மற்றவர்கள் இதனிடம் பாடம் கற்கலாம். புதிய நிரலை வைத்துவிட்டு உலாவியில் திறந்தால் வழிகாட்டி ஒன்று எழுந்து வரும். மென்பொருளோடு வந்த பக்கம் ஒன்றை நீங்கள் திருத்தியிருந்தால், பழைய மூலம், புதிய மூலம், உங்கள் திருத்தம் மூன்றையும் ஒப்பிட்டு இணைத்துப் பார்க்கும். முட்டினால் எது வேண்டும் என்று கேட்கும். ஆண்டுக்கொரு சுற்று, அந்தச் சுற்றில் .10 என்று முடியும் பதிப்பு நீண்டகால ஆதரவுக்கு, 15.10, 16.10 என்று. அட்லாசியனின் கட்டண விக்கியான கன்ஃபுளூயன்ஸிலிருந்து வெளியேறுபவர்களுக்கு இடமாற்றக் கருவியும் வைத்திருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் கன்ஃபுளூயன்ஸின் ‘சர்வர்’ வகைக்கு ஆதரவு நின்றதும் பலர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க ஒரு காரணம் கிடைத்தது. 17 சுற்றுக்கு வரும்போது மட்டும் கவனம். அது ஜாவாவின் புதிய ஜகார்த்தா முறைக்கு மாறிவிட்டதால், அதை ஓட்டும் ஜாவா சர்வரான டாம்கேட்டையும் 10க்கு ஏற்ற வேண்டும்.

புக்ஸ்டாக், விக்கி.ஜேஎஸ் இரண்டும் பார்க்க அழகு, புதியவர் ஐந்து நிமிடத்தில் பழகிவிடுவார். புக்ஸ்டாக்கில் அலமாரி, புத்தகம், அத்தியாயம், பக்கம் என்று அடுக்கு நிலையானது. கையேடு எழுத அதுவே வரம், ஆழமான கிளைகள் வேண்டுமென்றால் அதுவே சிறை. பதிப்பு எண்ணில் வருஷமும் மாதமும் இருப்பதால் எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்று உடனே உறைக்கும். அப்டேட் மூன்று நான்கு கட்டளைகள்தான், ஆனால் கட்டளை வரி வேண்டும்.

விக்கி.ஜேஎஸ்ஸில் பக்கங்களை, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்துக்குத் தானாக அனுப்பி வைக்கலாம், அது பெரிய காப்பு. அதை விட்டால் எனக்குத் தயக்கம்தான். மூன்றாம் பதிப்பைப் பற்றிப் பல வருஷமாகப் பேச்சு; அதில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் மட்டுமே ஓடும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். இன்று மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் 2.5 நிறுவுபவர் நாளைய இடமாற்றத்தையும் சேர்த்தே நிறுவுகிறார்.

இந்த வரிசையில் அவுட்லைன் என்ற விக்கி எங்கே என்று கேட்பீர்கள். மூல நிரல் வெளியே இருக்கிறது, ஆனால் உரிமம் பிசினஸ் சோர்ஸ். பார்க்கலாம், ஓட்டலாம், ஆனால் நாம் பேசும் அர்த்தத்தில் திறந்த மூலம் அல்ல. அதனால் விட்டுவிட்டேன்.

என் கணக்கு இதுதான். பத்து இருபது பேர், சர்வர் பார்க்கத் தனி ஆள் இல்லை என்றால் டோக்குவிக்கி. கண்டிப்பான அனுமதிகளும் சம்பளத்துக்கு ஒரு நிர்வாகியும் உண்டென்றால் எக்ஸ்விக்கி. எல்லோரும் படிக்க, பல நூறு பேர் திருத்த வேண்டுமென்றால் மீடியாவிக்கி. முடிவு செய்யும் முன் ஒரு மாலை செலவழித்து, பிடித்ததன் முந்தைய பதிப்பைத் தனியாக நிறுவி, பத்துப் பக்கம் எழுதி, உங்களுக்கு வேண்டிய நீட்டிப்புகளையும் போட்டு, புதியதுக்கு ஏற்றிப் பாருங்கள். நீளமான தமிழ்த் தலைப்பு ஒன்றாவது அதில் இருக்கட்டும்.

அந்த நானூறு பக்கங்கள் இப்போது மீடியாவிக்கி 1.43இல் இருக்கின்றன, வெளி நீட்டிப்பு ஒன்றுகூட இல்லாமல். ஆதரவு 2027 கடைசி வரை. குழுவின் உள்குறிப்புகள் மட்டும் டோக்குவிக்கியில், நான் அப்டேட் செய்வதற்கு முன் இன்னொருவர் நகலெடுத்தாரா என்று கேட்டுவிட்டுத்தான் எனக்குக் கடவுச்சொல் தருகிறார்கள்.