27,500 ரூபாய் வாட்ச் ஏற்காட்டில் பல்லிளித்த கதை

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அந்தக் கடையிலிருந்து வந்து. இன்னும் சாப்பிடவில்லை. ஆத்திரம் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அடங்கிவிட்டால் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி. போனது 27,500 ரூபாய்.

பழைய ஸ்மார்ட் வாட்ச், போன், டேப் வாங்கலாம் என்று நினைக்கிற சேலத்துக்காரர்கள் முழுசாகப் படியுங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கடைப் பெயரைப் போடவில்லை. வக்கீல் நண்பர் ஒருவர் "இப்போதைக்கு வேண்டாம்" என்றார். செகண்ட் ஹேண்ட் போன், வாட்ச் விற்கிற ஏசி கடைகள் இப்போது ஊர் முழுக்க இருக்கின்றனவே, அதில் ஒன்று. வாட்ச் கம்பெனி பெயரும் வேண்டாம். தப்பு அவர்களுடையது இல்லை.

நான் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். கடை சாத்தினால் எனக்கு போன், டேப், வாட்ச்தான் உலகம். சொந்தக்காரர்களில் யார் போன் வாங்கினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். என் அபிப்பிராயம், போனில் இனி பெரிதாக ஒன்றும் வரப்போவதில்லை. 20,000 ரூபாய் போனும் லட்ச ரூபாய் போனும் வாட்ஸ்அப் பார்க்கிறவனுக்கு ஒன்றுதான். டேப் வாங்கின வீடுகளில் பாதிக்கு மேல் குழந்தைகள் கார்ட்டூன் பார்க்கத்தான் பயன்படுகிறது. வாட்ச் அப்படி இல்லை. உடம்பையும் தொடுகிறது, வெளிக்காற்றையும் தொடுகிறது. அதனால்தான் எனக்கு அதன் மேல் ஒரு பித்து.

அதிலும் பாரோமீட்டர் உள்ள வாட்ச் என்றால் கேட்கவே வேண்டாம். சாட்டிலைட்டை நம்பி உயரம் பார்த்தால் ஜிபிஎஸ் முன்னே பின்னே காட்டும். பாரோமீட்டர் காற்றழுத்தத்தை அளக்கிறது. நம் ஊர் மட்டத்தில் சுமார் எட்டு ஒன்பது மீட்டர் ஏறினால் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அளவு) குறையும். சேலம் கடல்மட்டத்திலிருந்து 278 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. ஒரு மணி நேரத்தில் 980 வாக்கில் இருந்து 850 வாக்கில் இறங்கிவிடும். 2011-ல் வந்த கேலக்ஸி நெக்ஸஸ் போனிலேயே பாரோமீட்டர் இருந்தது, ஐபோனில் 2014-ல் 6 மாடலோடு வந்தது. மணிக்கட்டில் கட்டிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவிலும் அந்த எண் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. புதுசு வாங்க வசதி இல்லை. அந்தக் கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 30,000 என்று ஒன்று வந்தது. போன வாரம் வியாழக்கிழமை போனேன்.

கவுன்டரில் ஒரு தம்பி, இருபத்தைந்து வயசுகூட இருக்காது. வாட்சை எடுத்து மெத்துத் துணி மேல் வைத்தான். நான் முதல் கேள்வி கேட்டதுமே சிரித்தான்.

"அண்ணா, நீங்க விவரம் தெரிஞ்சவரு. உங்ககிட்ட நான் என்னண்ணா சொல்றது? நீங்களே செக் பண்ணிக்குங்க, எவ்ளோ நேரம் வேணும்னாலும் எடுத்துக்குங்க."

அங்கேதான் விழுந்தேன். அவன் என்னைப் புகழவில்லை, பரீட்சைக்கு உட்கார வைத்தான். நானும் சும்மா இருப்பேனா? இருபத்தைந்து நிமிஷம் சோதித்தேன். வெள்ளை, சிவப்பு, பச்சை என்று படம் போட்டு திரையில் கறை இருக்கிறதா, செத்த புள்ளி இருக்கிறதா என்று பார்த்தேன். பழைய ஆளுடைய அக்கவுன்ட் கழன்றிருக்கிறதா, என் போனோடு சேர்கிறதா, சீரியல் நம்பர் கம்பெனி தளத்தில் சரியாக வருகிறதா, எல்லாம். பின்னால் பச்சை விளக்கு மினுக்கியது, நாடித்துடிப்பு 81 காட்டியது. வாங்குகிற படபடப்பு. பக்கத்தில் நின்ற இன்னொரு வாடிக்கையாளர் "நீங்க இந்த லைன்லயா சார்?" என்று கேட்டார். தலைகால் புரியவில்லை எனக்கு.

"சீல் ஒடைக்காத பீஸ்ண்ணா. ஒரு டாக்டர் யூஸ் பண்ணது. புது மாடல் எடுத்துட்டாரு, அதான் குடுத்துட்டாரு."

பழைய கார் விற்கிறவர்களும் இந்த டாக்டரைத்தான் சொல்வார்கள். அந்த மனுஷன் நம் ஊரில் எத்தனை கார், எத்தனை வாட்ச் வைத்திருந்தாரோ.

பேரம் 27,500-ல் முடிந்தது. பில் கேட்டேன். "ஜிஎஸ்டி பில் போட்டா 18 பர்சன்ட் ஏறும்ண்ணா, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு" என்றான். நான் கணக்கு எழுதுகிறவன். பழைய பொருள் வாங்கி விற்கிற வியாபாரி, முறைப்படி காட்டினால், வாங்கின விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்று எனக்குத் தெரியும். வருஷத்துக்கு நாலு பேருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த நேரத்தில் வாயைத் திறக்கவில்லை. வாட்ச் கையில் ஏறிவிட்டது, கழற்ற மனசு வரவில்லை. ஒரு எஸ்டிமேட் சீட்டில் மாடல் பெயர், தொகை, "7 நாள் செக்கிங் வாரன்டி" என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தான். கடை க்யூஆர் அன்றைக்கு லிமிட் தாண்டிவிட்டதாம், அவன் சொந்த நம்பருக்குப் போடச் சொன்னான். போட்டேன். 27,500.

டச், அதாவது சுத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் ஒரு குன்றிமணி வெள்ளிகூடப் பட்டறைக்குள் வராத தெருவில் உட்கார்ந்து இருபது வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நானும் மச்சினனும் பைக்கில் கிளம்பினோம். கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, என் போனையும் வாட்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போனிலும் பாரோமீட்டர் உண்டு. அடிவாரத்திலேயே ஏழெட்டு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். சரி, ஒரு தடவை சரிக்கட்டினால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது வளைவில் போன் இறங்கியிருந்தது. வாட்ச் 977. பத்தாவது வளைவில் போனில் 910 வாக்கில். வாட்ச் 977. "மாமா, உங்க வாட்ச் சேலத்துலயே நின்னுடுச்சு" என்றான் மச்சினன். ரீஸ்டார்ட் பண்ணினேன். 976 ஆனது. அதுவும் எதற்கு ஆனது என்று தெரியவில்லை. ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது காது அடைத்துக்கொண்டது, என் காதுக்குத் தெரிந்த உயரம் அந்த வாட்சுக்குத் தெரியவில்லை.

சென்சார்தானே, மாற்றிக் கேட்கலாம் என்று சமாதானம் பண்ணிக்கொண்டு மலைமேல் வேடிக்கை பார்க்கிற இடமான லேடீஸ் சீட் பக்கம் போனோம். சாரல். மழை என்றுகூடச் சொல்ல முடியாது, சட்டை நனையாத தூறல். 50 மீட்டர், 100 மீட்டர் தண்ணீர் தாங்கும் என்று போட்டு விற்கிற வகை வாட்ச் அது. கால் மணி நேரம் கழித்து மணி பார்த்தால் கண்ணாடிக்கு உள்பக்கம் வலது ஓரத்தில் மூச்சு விட்ட மாதிரி ஒரு வெள்ளைப் படலம். துணியால் துடைத்தேன், போகவில்லை. உள்ளே அல்லவா இருக்கிறது. கண் முன்னாலேயே அது நகக்கண் அளவிலிருந்து பாதித் திரைக்குப் பரவியது. அப்புறம் ஒரு பச்சைக் கோடு, மேலிருந்து கீழ் வரை. கீழே இறங்கி வரும்போது ஏழாவது வளைவோ எட்டாவது வளைவோ, திரை அணைந்தது. அதற்கப்புறம் எரியவே இல்லை.

திங்கள் காலை கடைக்குப் போனேன். அதே தம்பி. "அரிசி டப்பால ரெண்டு நாள் போட்டு வைங்கண்ணா, சரியாயிடும்." இதையும் என்னிடம் சொல்கிறான். அரிசி ஈரத்தைப் பெரிதாக உறிஞ்சாது, தூசியும் மாவும்தான் ஓட்டையில் அடையும் என்று நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் சண்டை போடாமல் வந்தேன். செவ்வாய் போனேன். "ஓனர் பெங்களூரு போயிருக்காரு, அவர்கிட்டதாண்ணா பேசணும்." புதன் போன் பண்ணினேன். "லைன்ல வரேண்ணா" என்று வைத்தவன் வரவே இல்லை. வாட்ஸ்அப்பில் மூன்று மெசேஜ் போட்டேன், மூன்றிலும் நீல டிக் விழுந்தது.

புதன் சாயங்காலம் பொறுக்க முடியாமல், பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் மொபைல் சர்வீஸ் பண்ணுகிற ஒரு பழக்கக்காரரிடம் கொடுத்தேன். லேசாகச் சூடு காட்டித் திரையைத் தூக்கி மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். ஓரத்தைச் சுற்றி இருக்க வேண்டிய ஒட்டு டேப்பே இல்லை. பதிலுக்குக் கறுப்புப் பசை, அங்கங்கே திட்டுத்திட்டாக, ஒரு இடத்தில் துணி நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. "இதைப் பாருங்க" என்று ஊசியால் காட்டினார். பாரோமீட்டருக்குக் காற்று போக ஊசிமுனை அளவு துளை இருக்கும். அதன் மேலேயே பசை வழிந்து காய்ந்து கிடந்தது. வெளிக்காற்று போகாத இடத்தில் சென்சார் என்ன அளக்கும்? "ரெண்டு தடவையாவது தொறந்திருக்காங்க. டிஸ்ப்ளே மாத்தினது. தண்ணி வரக்கூடாத எடத்துல வழி விட்டுட்டு, காத்து போற எடத்த அடைச்சிருக்காங்க."

நான் இருபத்தைந்து நிமிஷம் சோதித்தேனே, அதில் ஒன்றுகூட இதைக் காட்டியிருக்காது. கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் பார்த்தேன். ஒரே ஒரு தடவை வாட்சோடு மாடிப்படி ஏறி இறங்கியிருந்தால்கூட அழுத்தம் அசைகிறதா இல்லையா என்று தெரிந்திருக்கும். ஐந்து நிமிஷ வேலை.

இன்றைக்கு, வெள்ளிக்கிழமை, ஓனர் இருந்தார். உட்காரச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் எஸ்டிமேட் சீட்டைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார்.

"வாரன்டி ஏழு நாள் சார். நேத்தோட முடிஞ்சுது."

நான் திங்கட்கிழமையே வந்தேன் என்றேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டு டெம்பர்டு கிளாஸ் ஒட்டிக்கொண்டிருந்தான். "தண்ணி டேமேஜுக்கு எங்கயும் வாரன்டி கெடையாதே சார்" என்றார். பசையைப் பற்றிச் சொன்னேன். அதற்குத்தான் காத்திருந்த மாதிரி நிமிர்ந்தார். "அப்போ வெளிய தொறந்துட்டீங்களா? யாரு ஒட்டின பசைனு நான் எப்படி சார் ஒத்துக்கறது?"

வாயடைத்துப் போனேன். அது என் முட்டாள்தனம்தான். ஆத்திரத்தில் என் கையாலேயே சாட்சியைக் கெடுத்துக்கொண்டேன். பணம் வாங்கினதற்குக் கேட்டால் "அது பையனோட நம்பர், கடைக்கு வரவே இல்லையே" என்கிறார். டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கடைசியாக அவர் கொடுத்த சலுகை என்ன தெரியுமா? அந்த வாட்சை 3,000 ரூபாய்க்கு எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வாராம். 27,500 ரூபாய் வாட்சை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது தலை வலிக்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும், "திறக்காதது" என்று கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். கடை அக்கவுன்ட்டைத் தவிர வேறு எந்த நம்பருக்கும் பணம் போடாதீர்கள். பழுதானால் வேறு யாரிடமும் திறக்கக் கொடுக்காதீர்கள். அன்றைக்கே, எழுத்தில், தேதியோடு கடைக்குப் புகார் அனுப்புங்கள், போய் வாயால் சொன்னது கணக்கிலேயே வராது.

போன் வாங்குகிறவர்கள் *#06# அடித்து வருகிற 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்த போனுக்கே உரிய அடையாள எண்ணைப் பாருங்கள். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, பிறகு அந்த எண், இதை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் முடக்கப்பட்ட போனா என்று தெரிந்துவிடும். சிம் இல்லாத வாட்சுக்கு ஐஎம்இஐ கிடையாது, அதனால் எனக்கு அது உதவவில்லை. இஎம்ஐ பாக்கி உள்ள போனையும் விற்கிறார்கள். தவணை கட்டாவிட்டால் ஃபைனான்ஸ்காரன் தூரத்திலிருந்தே பூட்டிவிட வாய்ப்பு உண்டு, ரீசெட் பண்ணினாலும் போகாது. பழைய பில்லைக் கேட்டு வாங்குங்கள். இன்னும் இரண்டு மூன்று இருந்தது, மறந்துவிட்டது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணிப் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை என்று வக்கீல் சொன்னார், திங்கட்கிழமை போகிறோம். யுபிஐ ரசீது, அந்த நீல டிக் மெசேஜ், ஒவ்வொரு வளைவிலும் போனில் எடுத்த ஸ்க்ரீன்ஷாட், எல்லாம் பத்திரமாக இருக்கிறது. இதே மாதிரிக் கடையில் இதே மாதிரி மாட்டினவர்கள் இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், சேர்ந்தே போகலாம்.

வீட்டில் அந்த வாட்ச் 7,500 என்றுதான் சொல்லியிருக்கிறேன். சொந்தக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து ஃபேமிலி குரூப்பில் மட்டும் ஃபார்வர்டு பண்ணிவிடாதீர்கள்.